குடிநோயும் கூட்டுத்துணையும்

கல்வியின் பயன்களுள் ஒன்று, அறிந்ததைத் தக்க காலத்தில் பிறர்க்கு உதவுமாறு எடுத்துரைத்தலாம். அறிந்தும் உரையாதவன் குற்றம் ஒருவகை. அறியவேண்டியதை அறியாதிருந்து, அவ்வறியாமையை அறவுரையால் மூடிக்கொள்பவன் குற்றம் மற்றொரு வகை. இவ்விரண்டாவது குற்றத்தை யாம் செய்தோம். அதனை முதற்கண் ஒப்புக்கொண்டு, பின்னர்க் கூறவந்த பொருளைக் கூறுவோம்.

2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து பயிலும் மாணாக்கன் ஒருவன் எம்மிடம் வந்தான். திங்கட்கிழமைதோறும் அவன் வகுப்பிற்கு வாராமையைக் குறித்து யாம் கடிந்துகொண்ட நாள் அது. நெடுநேரம் வாளா நின்றிருந்து, “ஐயா, அப்பா குடியை விட்டுவிட விரும்புகின்றார். அவரை எங்கே அழைத்துச் செல்வது?” என்று வினவினான். எமக்கு அதற்கு விடை தெரியாது. தெரியாதென்று சொல்வதற்கும் மனம் வரவில்லை. ஆதலின் மன உறுதியின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசி, “இன்றே விட்டுவிடச் சொல்” என்று கூறி அனுப்பினோம். மகன் சொல்ல, தந்தையாரும் அன்றே விட்டார். மூன்றாம் நாள் இரவு அவர் உடல் நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறி, தம் மக்களையே இன்னாரென்று அறியாதவரானார். ஊரார் நால்வர் அவரை மலையினின்றும் இறக்கி அரசினர் வைத்தியசாலையிற் சேர்த்தனர். உயிர் பிழைத்தது வைத்தியர் திறத்தாலன்றி எம் அறிவுரையால் அன்று.

அம்மாணாக்கன் கேட்ட வினா எளியது. அதற்குரிய விடையும் உண்டு. அவ்விடையை அன்று நாம் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பதே எம்மை வருத்தியது. இச்சஞ்சிகையைப் படிப்போருள் அவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு வாய்திறவாதிருப்போர் சிலரேனும் இருப்பர் என்று எண்ணி, யாம் பின்னர்க் கற்றுக்கொண்டவற்றை முறைப்பட எழுதுகின்றோம்.

நோயின் இயல்பு

குடியை ஒழுக்கக் கேடு என்றே நம் முன்னோர் பெரிதும் பேசினர். திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அது பொருட்பாலில் வைக்கப்பட்டுள்ளது என்பதை மாணவர் கருதுக. குடி ஒருவனை மட்டும் கெடுப்பதன்று. குடும்பத்தையும் நாட்டின் வாழ்வையும் கெடுப்பது என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். ஆயினும் இக்கால வைத்திய நூலார் ஒரு வேறுபாட்டை வற்புறுத்துகின்றனர். குடிக்கும் எல்லாரும் ஒரு நிலையினர் அல்லர். எப்போதாவது குடிப்பவன் ஒருவன். குடியால் தீங்கு வந்தும் அளவை அடக்கமாட்டாதவன் ஒருவன். குடியாவிடின் உடல் நடுங்கும் நிலையை எய்தியவன் மற்றொருவன். இம்மூன்றாம் நிலையினரைக் ‘குடிகாரர்’ என்று இகழாது ‘குடிநோயாளர்’ என்று வழங்குதல் இப்போது தமிழிலும் பரவிவருகின்றது.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் உடல் அப்பொருளுக்கு ஈடுகொடுத்தே தன்னை அமைத்துக்கொள்ளுகின்றது. மது மூளையின் கிளர்ச்சியை அடக்குவது. அதற்கு எதிராக மூளை தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொள்ளுகின்றது. திடீரென மது நின்றுவிட்டால், உயர்ந்து நின்ற கிளர்ச்சியை அடக்குவார் இல்லை. முதல் நாளில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். சிலர்க்கு முதலிரண்டு நாட்களுள் வலிப்பு வரும். சிலர்க்கு இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பிதற்றலும் பொய்த்தோற்றமும் உண்டாகும். இது உயிர்க்கு இறுதி பயப்பதும் உண்டு. எம் மாணாக்கன் தந்தையார்க்கு நேர்ந்தது இதுவே. ஆகவே நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் வைத்தியர் துணையின்றி வீட்டிலேயே சட்டென நிறுத்துதல் ஆகாது. முதலில் வைத்தியசாலை, பிறகே கூட்டம். இவ்வரிசையை மறவாதிருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் வைத்தியசாலையே போதாதோ என்று வினவலாம். வைத்தியர் ஒன்றிரண்டு வாரங்களில் உடலிலுள்ள நஞ்சை நீக்கி, நடுக்கத்தைத் தணித்து, உயிர்ச்சத்து மருந்தும் கொடுத்து அனுப்புகின்றார். அனுப்பப்பட்டவர் திரும்பிச் செல்வது பழைய தெருவுக்கே, பழைய நண்பரிடத்திற்கே, கூலி கைக்கு வரும் பழைய மாலைப்பொழுதிற்கே. ஆண்டுக்கணக்கில் வேரூன்றியதை நாட்கணக்கில் தரும் மருந்து முழுதும் பெயர்த்தெறிய இயலாது. அங்கேதான் துணைக்கூட்டத்தின் தேவை எழுகின்றது.

கள்ளக்குறிச்சி கற்பித்த பாடம்

விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ஆம் ஆண்டில். அம்மாவட்டத் தலைநகரின் கருணாபுரம் பகுதியில் 2024 ஜூன் மாதத்தில் நிகழ்ந்ததை நாடு அறியும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தாருள் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய இடங்களின் பெரிய வைத்தியசாலைகள் நோயாளிகளால் நிரம்பின. ஓராண்டிற்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் இத்தகைய சாவுகள் நேர்ந்திருந்தன.

மெத்தனால் என்பது ஆலைத் தொழிலுக்குரிய ஒரு சாராயவகை. அது உடலினுள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பையும் மூளையையும் தாக்கும். பார்வை மங்குதல் அதன் முற்குறி. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறவைத்து மலைகளிற் காய்ச்சப்படும் சாராயம் வேறு, இது வேறு. கல்வராயன் மலையில் போலீசார் ஊறலைக் கண்டுபிடித்து அழித்தனர் என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருவது உண்மையே. அது கொண்டு அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அனைவரையும் பழித்தல் அறமன்று. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, சாலையும் பள்ளியும் வைத்தியமும் பிந்தியே எய்தப்பெற்றவர் அவர். அந்நிகழ்ச்சிக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மலைமக்களின் வாழ்க்கை வசதிகளைக் குறித்து விசாரணை மேற்கொண்டதும் இக்குறையை உணர்ந்தே.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒருசொல். 1937 அக்டோபர் முதல் நாளன்று, இராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. கல்வராயன் மலையின் மேற்புறம் அந்த ஜில்லாவைச் சேர்ந்தது; கீழ்ப்புறம் அக்காலத்தில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே ஒரே மலையின் ஒரு சரிவில் விலக்கும், மறு சரிவில் கடையும் சிலகாலம் இருந்தன. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் விலக்குப் பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே மேற்கொண்டது. 2024-இல், கருணாபுரத்து நிகழ்ச்சியை அடுத்து, கள்ளச்சாராயக் குற்றத்திற்கு ஆயுட்சிறை வரையிலும் தண்டனை உயர்த்தப்பட்டது.

சட்டத்தை யாம் இகழ்கின்றோமல்லோம். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், குடிநோயாளர் ஒருவர்க்கு இன்று மாலையைக் கழிப்பது எவ்வாறு என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவிற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் விடையில்லை. கருணாபுரத்துச் செய்தியைக் கேட்ட அன்று எம் மாணாக்கனின் தந்தையார் இனிக் குடியேன் என்று சத்தியம் செய்தாராம். அச்சம் பதினொரு நாள் அவரைக் காத்தது. பன்னிரண்டாம் நாள் காப்பதற்கு ஒருவரும் இல்லை.

இருவர் சந்திப்பில் பிறந்த இயக்கம்

குடியை விட்டவர் ஒன்றுகூடித் தம்முள் ஒருவரையொருவர் தாங்குதல் என்பது புதிய எண்ணம் அன்று. 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குடியர் அறுவர் கூடி ‘வாஷிங்டனியர்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினர். அது காட்டுத்தீப்போல் பரவிற்று. ஆயின் அரசியல் வாதங்களிலும் பிற சீர்திருத்தப் பூசல்களிலும் தலையிட்டுச் சில ஆண்டுகளிலேயே நலிந்தது.

நிலைபெற்ற இயக்கம் 1935-இல் தோன்றியது. நியூயார்க் நகரத்துப் பங்குத் தரகராகிய பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், தொழில் நிமித்தமாக ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகர்க்குச் சென்றார். எடுத்த காரியம் தோற்றது. கையிற் பணமும் இல்லை. தங்கிய ஹோட்டலின் ஒரு பக்கத்தில் மதுச்சாலை. மறு பக்கத்தில் தொலைபேசி. குடிக்கும் வேட்கை மிகவே, அவர் மதுச்சாலைக்குள் புகாது தொலைபேசியை எடுத்தார். நகரத்து ஆலயங்களின் பட்டியலைப் பார்த்துப் பேசி, தம்மைப்போன்ற குடிநோயாளர் ஒருவரைக் காட்டுமாறு வேண்டினார். அவ்வழியாக அறிமுகமானவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியர். கால்மணி நேரம் மட்டுமே இருப்பேன் என்று வந்த வைத்தியர் மணிக்கணக்கில் உரையாடினார். அறிவுரை கூறியவர் பலரை அவர் கண்டிருந்தார். தம் நோயைத் தம் நோயாகவே அறிந்த ஒருவரை அன்றுதான் கண்டார். 1935 ஜூன் 10-ஆம் நாளை அவ்வைத்தியர் இறுதியாகக் குடித்த நாளாகக் கொண்டு, அதனையே அவ்வியக்கத்தின் பிறந்தநாளாகவும் போற்றுகின்றனர்.

இதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது, சுருக்கமாக ஏ.ஏ. என்பர். பெயர் வெளியிடாத குடிநோயாளர் கழகம் என்று பொருள் கொள்ளலாம். 1939-இல் இக்கழகத்தின் நூல் வெளிவந்தது. அதில் பன்னிரண்டு படிகள் கூறப்பட்டன. தன் வலியின்மையை ஒப்புதல், தன்னினும் பெரியதொன்றன் துணையை நாடுதல், தன் குற்றங்களைக் கணக்கெடுத்தல், தீங்கிழைக்கப்பட்டார்க்கு ஈடுசெய்தல், தான் பெற்றதைப் பிறர்க்கு வழங்குதல் என்று அவற்றின் சாரத்தைத் தொகுக்கலாம். ‘பெரியதொன்று’ யாதென்பதை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தின்படி கொள்வர். எச்சமயத்தார்க்கும், எச்சமயமும் இல்லாதார்க்கும் இடம் உண்டு. வாஷிங்டனியர் கெட்டவாற்றை அறிந்தமையால், வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்லாமை இவர்தம் உறுதியான மரபாயிற்று.

இந்தியாவில் இக்கழகத்தின் கூட்டங்கள் 1957-இல் தொடங்கின. இந்தியப் பொது அலுவலகம் மும்பையில் இருக்கின்றது. தமிழகத்தில் இந்நெறியைச் சிகிச்சையோடு இணைத்துப் பரப்பியவருள் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தலைசிறந்தவர். தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இக்கூட்டங்களால் மெய்யாகவே பயனுண்டோ என்று ஐயுறுவார்க்கு ஓர் ஆராய்ச்சியைக் காட்டுவோம். 2020-இல் காக்ரேன் நிறுவனத்தார் 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நோயாளரை முறைப்படி ஏ.ஏ. கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, இடைவிடாது குடியாதிருத்தலை வளர்ப்பதில் ஏனைய சிறந்த உளச்சிகிச்சைகளினும் மேம்பட்டிருந்தது என்பது அவர்தம் முடிவு. அவ்வாய்வுகள் பெரும்பாலும் மேனாட்டில் நிகழ்ந்தவை என்பதையும், எல்லார்க்கும் ஒரே மருந்து பலியாது என்பதையும் உடன் கருதுதல் வேண்டும்.

கூட்டத்தைக் கண்டறியும் வழி

இனி, அம்மாணாக்கன் வினாவிற்கு நேரான விடை. கூட்டம் எங்கே என்று அறிதற்கு வழிகள் பல.

முதலாவது, அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் வினவுதல். கள்ளக்குறிச்சியில் அரசினர் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்த வைத்தியரும் உளவியல் பணியாளரும் அருகிலுள்ள கூட்டங்களைக் குறித்து வழிகாட்டக்கூடியவர். 2025-இல் அரசாங்கத்தார் ‘கலங்கரை’ என்னும் பெயரால் 25 போதை மீட்பு மையங்களை அரசினர் வைத்தியசாலைகளிற் தொடங்கியுள்ளனர். தம் ஊர்க்கு அண்மையது எதுவென்று கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, தொலைபேசி. 14446 என்பது போதைப் பழக்கத்தினின்றும் மீள விரும்புவார்க்கு இந்திய அரசாங்கம் அமைத்துள்ள கட்டணமில்லா எண். 14416 மனநல ஆலோசனைக்குரியது, 2022-இல் தொடங்கப்பெற்றது. 104 தமிழக அரசாங்கத்தின் சுகாதார எண். இவற்றுள் எதனையும் நோயாளர் மட்டுமன்றி அவர் மக்களும் மனைவியும் அழைக்கலாம்.

மூன்றாவது, ஏ.ஏ. கழகத்தாரையே நேரிற் கேட்டல். ஊர், கிழமை, நேரம், மொழி ஆகியவற்றைக் குறித்த கூட்டப்பட்டியல் அவர்களிடம் உண்டு. உறுப்பினர் ஒருவரே திரும்ப அழைத்துப் பேசுதல் அவர் வழக்கம். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் இணையவழிக் கூட்டங்களும் பெருகியுள்ளன.

பட்டியலில் கண்டவுடன் பேருந்து ஏறிவிடலாகாது. கூட்டத்தின் இடமும் நேரமும் மாறுவதுண்டு. முன்னரே பேசி உறுதிசெய்துகொள்க. அது திறந்த கூட்டமோ, மூடிய கூட்டமோ என்றும் வினவுக. திறந்த கூட்டத்திற்கு உறவினரும் மாணவரும் எவரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவார்க்கே உரியது. திரும்பிவரும் பேருந்தின் நேரத்தையும் கேட்டறிக. மலையூரார்க்கு இது சிறிய செய்தியன்று. மாலைக்கூட்டம் முடிந்தபின் பேருந்தின்றி நகரத்து நிலையத்தில் இரவைக் கழிக்க நேரும் குடிநோயாளர்க்கு மதுக்கடை மிக அண்மையில் இருக்கும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள். குடிப்பவர் அறியாமலே உணவிற் கலந்துகொடுத்துக் குடியை மறக்கச் செய்வோம் என்று விளம்பரம் செய்வாரை நம்பலாகாது. மதுவோடு சேர்ந்தால் உடலைத் தாக்கும் டைசல்பிராம் என்னும் மருந்து உண்டு. வைத்தியர் மேற்பார்வையிலும் நோயாளர் இசைவோடும் கொடுக்கவேண்டிய அதனை மறைத்துக் கொடுத்தல் உயிர்க்கே கேடு. மீட்பு இல்லம் என்னும் பெயரால் அடித்தும் கட்டியும் வைக்கும் இடங்களினின்றும் விலகுக. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளரையும் தன்னுள் அடக்கியது. மானத்தோடு நடத்தப்படுதலும், தம் நோய்ச்செய்தி வெளிப்படாதிருத்தலும் அவர்க்கு உரிமைகள்.

கூட்டத்தில் நிகழ்வன

எம் மாணாக்கனின் தந்தையார் வைத்தியசாலையினின்றும் வெளிவந்த வாரத்தில், இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவிலிருந்த திறந்த கூட்டம் ஒன்றற்கு அவரோடு யாமும் சென்றோம். அங்கே யாவர் யாது கூறினர் என்பதை எழுதமாட்டோம். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டு வருதல் அக்கூட்டத்தின் முதல் ஒழுக்கம். நடைமுறையை மட்டும் கூறுவோம்.

ஒரு பள்ளியறை. வட்டமாக இடப்பட்ட பன்னிரண்டு நாற்காலிகள். மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை. அன்றைய அக்கிராசனரும் குடிநோயாளர்களுள் ஒருவரே. சிறிதுநேர மௌனத்திற்குப் பின், கழகத்தின் நோக்கம் வாசிக்கப்படுகின்றது. பின்பு ஒவ்வொருவராகத் தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளர் என்று கூறி, தம் கதையைச் சொல்லுகின்றனர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசியதை வாதிப்பதில்லை, அறிவுரை கூறுவதுமில்லை. அறிவுரையே தொழிலாகக் கொண்ட எமக்கு அவ்வொரு மணி நேரம் புதிய பள்ளியாயிற்று. பேச விரும்பாதவர் வாளா இருக்கலாம். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. இறுதியில் வரும் சிறு பெட்டியில் உறுப்பினர் இயன்றதை இடுவர்; முதன்முறை வந்தார் இடவேண்டுவதில்லை. அப்பணம் வாடகைக்கும் தேநீர்க்கும். புறத்தாரிடம் நன்கொடை பெறுதலும் அவர் மரபன்று.

புதியவர் கேட்டு வியப்பது, வாழ்நாள் முழுவதும் குடியேன் என்று சத்தியம் செய்யுமாறு அங்கே எவரும் வற்புறுத்தாமையே. இன்று ஒருநாள் குடியாதிருத்தல்; அவ்வளவே. நாளையை நாளை பார்த்துக்கொள்வர். எம் மாணாக்கனின் தந்தையார் ஊர்க்கோயில் முன்னிலையில் எத்தனையோ முறை ஆயுட்காலச் சத்தியம் செய்து முறித்தவர். ஒருநாளைக் கணக்கு அவர்க்குச் சுமக்கத்தக்க சுமையாகத் தோன்றிற்று.

கூட்டம் முடிந்தபின் நிகழ்வதும் கூட்டத்தைப் போன்றே முக்கியமானது. மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவரிடம் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, “குடிக்கத் தோன்றினால், குடிப்பதற்கு முன்னே கூப்பிடுங்கள்” என்பார். இவ்வாறு வழித்துணையாக நிற்பவரை ஸ்பான்சர் என்று அவர்கள் வழங்குவர். தாம் உதவுவதால் தாமும் நிலைபெறுகின்றோம் என்பது அவர்தம் அனுபவம். ஆதலின் அழைப்பவர் அவரைத் தொந்தரவு செய்பவர் ஆகார்.

ஒரே கூட்டத்தைக் கண்டு முடிவு செய்தல் தவறு. ஒரு கூட்டத்தின் பேச்சு மனத்திற்கு ஒவ்வாவிடின் வேறொன்றற்குச் செல்லலாம். தொடக்கத்தில் அடிக்கடி செல்லுதல் நலம். இடையில் மீண்டும் குடித்தவர் வெட்கத்தால் நின்றுவிடுதலே பெருங்கேடு. அன்று திரும்பி வருபவரை அங்குள்ளோர் இகழார். அவருட் பலரும் அவ்வழியே வந்தவர்.

இல்லத்தார்க்குரிய கூட்டம்

குடிநோய் ஒருவர் உடலில் இருப்பினும், அதன் துன்பம் வீடு முழுவதும் பரவும். மனைவி குறைந்த கூலியைக் கணக்கிடுகின்றாள். பிள்ளை தந்தையின் காலடியோசையைக் கேட்டு இன்றைய இரவு எத்தகையது என்று கணிக்கின்றது. பில் வில்சனின் மனைவியார் லோயிஸ் 1951-இல் குடும்பத்தார்க்கென அல்-அனான் என்னும் கழகத்தை அமைத்தார். 1957-இல் இளம்பருவத்தார்க்கென அலட்டீன் தோன்றியது. பிறர் குடிப்பதற்கு நாம் காரணரல்லேம். அதனை நாமே அடக்கவும் இயலாது. ஆயினும் நம் வாழ்வை நாம் செம்மை செய்துகொள்ளலாம் என்னும் தெளிவை அக்கூட்டங்கள் அளிக்கின்றன. குடிப்பவர் கூட்டத்திற்கு வர மறுப்பினும் இல்லத்தார் தமக்குரிய கூட்டத்திற்குச் செல்லலாம். இதனை எம் மாணாக்கர்க்கு இருமுறை சொல்லுவோம்: தந்தையார் இசையும் வரை நீவிர் காத்திருக்க வேண்டுவதில்லை.

மலைநாட்டிற்குச் செய்யத்தக்கது

மேற்கூறியன நகரத்தார்க்குப் பொருந்தும். வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூரார்க்கு என் செய்வது? கூட்டத்திற்குச் செல்லுதல் ஒருநாட் கூலியை இழத்தல். வேலை நாடிப் பல மாதம் வெளியூர் செல்பவரும் உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் பெயர் வெளியிடாமை என்பதும் எளிதன்று.

இதற்கு வழிகாட்டும் மெய்யான முன்மாதிரி ஒன்று தமிழகத்திலேயே உண்டு. இப்போது திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடியில், டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தார் 1989 முதல் கிராமச் சிகிச்சை முகாம்களை நடத்தினர். நோயாளர் சென்னைக்கு வாராமல், வைத்தியரும் ஆலோசகரும் கிராமத்திற்குச் சென்றனர். பதினைந்து நாள் முகாம்; ஊரில் உள்ளவர்களின் ஒத்துழைப்பு; குடும்பத்தார்க்குத் தனி வகுப்பு; முகாம் முடிந்தபின் தொடர்ந்து கண்காணித்தல் என்பன அதன் உறுப்புக்கள். சிகிச்சை மறைவில் நிகழாமல் ஊர்நடுவில் நிகழ்ந்தமையால், குடியை விட்டவரை ஊரே தாங்கும் நிலை உண்டாயிற்று. கல்வராயன் மலைக்கும் இம்முறை ஏற்றதென்பது எம் கருத்து. ஊர்க் கவுண்டர்களும் ஆசிரியர்களும் சுகாதார நிலையத்தாரும் இசைந்தால், முகாமிற்குப் பின் அங்கேயே ஒரு கூட்டம் வேர்கொள்ளும்.

கூட்டம் என்பதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. குடியாதிருத்தல் ஒன்றையே கருதிக் கூடும் இருவரே ஒரு குழுவாவர் என்பது ஏ.ஏ. கழகத்தார் கொள்கை. ஆக்ரனில் கூடியவரும் இருவரே அன்றோ? ஒரு திண்ணை, ஒரு கிழமை, ஒரு நேரம், விடாது வரும் இருவர்: இவை போதும். கூடும் கிழமையைச் சந்தைநாளோடு பொருத்தினால் வருவார்க்குத் தனிச்செலவும் இராது.

மாணவர் கடமை

கற்றார் செய்யத்தக்க உதவி யாது? குடிநோயாளரிடம் அவர் போதையிலிருக்கும்போது வாதிடாமை ஒன்று. தெளிந்திருக்கும் காலையில், இகழாது, நடந்ததை நடந்தவாறே எடுத்துக் கூறுதல் ஒன்று. எண்ணையும் இடத்தையும் எழுதிக் கையிற் கொடுத்தல் ஒன்று. இவையனைத்தினும் மேலானது உடன்செல்லுதல். முதற்கூட்டத்தின் வாயிற்படியே மிக உயர்ந்த படி. அதனை ஏறுகையில் பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். பழைய மாணவருள் வைத்தியரும் அதிகாரிகளும் ஆசிரியரும் பலர் இருக்கின்றீர்கள். நும் பள்ளியில் மாலைவேளையில் பூட்டிக்கிடக்கும் அறை ஒன்றை வாரத்திற்கு ஒருமணி நேரம் திறந்துவிடுதல் நுமக்கு அரிதன்று. குடியால் தாமே துன்புறுவோர் நம்முள் இருப்பின், இக்கட்டுரை அவர்க்கும் எழுதப்பட்டதே. 14446 என்னும் எண் மாணவர் இன்னார், ஆசிரியர் இன்னார் என்று பார்ப்பதில்லை.

எம் மாணாக்கனின் தந்தையார் வரலாற்றை முடித்துக் கூறுதல் வேண்டும். அவர் மூன்று மாதம் நன்றாயிருந்தார். அறுவடைக் காலத்தில் ஒருநாள் தவறினார். அன்றிரவு மகன் எமக்கு எதுவும் சொல்லவில்லை, வழித்துணைவரை அழைத்தான். அவர் மறுநாட் காலையில் முதற்பேருந்தில் மலையேறி வந்தார். வந்தவர் கடிந்து ஒருசொல்லும் கூறவில்லையாம். தாமும் தவறிய நாளொன்றைச் சொல்லி, உடனிருந்து உண்டு, அடுத்த கூட்டத்தின் நாளை நினைவூட்டித் திரும்பினார். தந்தையார் இன்றும் செல்லுகின்றார். எத்தனை நாள் ஆயிற்றென்று யாம் கேட்பதில்லை, அக்கணக்கு அவருடையது. மாணாக்கன் திங்கட்கிழமைகளில் வகுப்பிற்கு வருகின்றான்.

அன்று எம் வாயில் அரைமணி நேரச் சொற்பொழிவு இருந்தது, விடை இல்லை. இப்போது விடை சிறியதாகவேனும் கிடைத்திருக்கின்றது. இதனைப் படித்தவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்து, கேட்பார் வரும்போது “வா, நானும் வருகின்றேன்” என்று எழுந்து நடப்பாராயின், யாம் செய்த குற்றம் ஒருவாறு தீர்ந்ததாகக் கொள்வோம்.